உத்தரவாதம், செஸ், மானியம்: திருப்பூர் வட்டார இருப்புப்பாதைகளின் நிதி வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஈரோடு, இருகூர், போத்தனூர், பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல், கரூர் ஆகிய ஊர்களை இணைக்கும் இருப்புப்பாதைகள் கொங்கு நாட்டின் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு வளையமாக அமைந்துள்ளன. இவ்வளையம் முழுமை பெற 1862 முதல் 1988 வரை காலம் பிடித்தது. வளையத்தின் நடுவே இன்றைய திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த காங்கேயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம் ஆகிய ஊர்கள் இருப்புப்பாதை இன்றியே உள்ளன. இந்நிலையை நில அமைப்பாலோ வணிகக் குறைவாலோ மட்டும் விளக்க இயலாது என்றும், பாதைக்குப் பணம் தரும் முறை மாறியபோதெல்லாம் இவ்வட்டாரம் அம்முறையின் கணக்குக்கு வெளியே நின்றதே முதன்மைக் காரணம் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: இருப்புப்பாதை நிதி, ஐந்து விழுக்காடு உத்தரவாதம், ஜில்லா போர்டு, செஸ், செலவுப் பகிர்வு, ஈரோடு–பழனி பாதை, திருப்பூர், தாராபுரம்.

முன்னுரை

இந்திய இருப்புப்பாதை வரலாற்றாய்வில் நிதி குறித்த கேள்வி புதியதன்று. டேனியல் தார்னர் 1950இல் வெளியிட்ட நூல், ஆங்கிலேய முதலீட்டுக்குக் குடியேற்ற அரசு அளித்த உத்தரவாதம் எவ்வாறு உருவாயிற்று என்பதை விரிவாக ஆராய்ந்தது. இயன் கெர் பாதைகளைக் கட்டிய உழைப்பாளர்களின் பக்கம் பார்வையைத் திருப்பினார். தமிழகக் கிராமப்புறப் பொருளாதாரத்தை எழுதிய கிறிஸ்டோபர் பேக்கரும், திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் கவுண்டர் சமூகத்தின் எழுச்சியை ஆராய்ந்த ஷரத் சாரியும் கொங்கு வட்டாரத்தின் நிலம், சந்தை, உழைப்பு ஆகியவற்றை விளக்கியுள்ளனர். ஆயினும் இவ்விரு ஆய்வு மரபுகளும் சந்திக்கும் இடம் ஒன்று ஆளில்லாமல் கிடக்கிறது. பாதை சென்ற ஊரின் வரலாறு எழுதப்படுகிறது. பாதை செல்லாத ஊர், அதுவும் பாதை செல்லும் ஊருக்கு ஐம்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும் ஊர், ஆய்வுப் பொருளாவது அரிது.

தாராபுரம் அத்தகைய ஊர். அது எப்போதும் ஒதுக்குப்புறமாக இருந்ததில்லை. 1799இல் திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் கோயம்புத்தூர்ப் பகுதி கும்பினி ஆட்சிக்கு வந்தபோது அது வடக்கு, தெற்கு என இரு பிரிவுகளாக ஆளப்பட்டது. வடக்குக்குப் பவானியும் தெற்குக்குத் தாராபுரமும் தலைமையிடங்கள். 1804இல் இரண்டும் இணைக்கப்பட்டு ஆட்சித் தலைமை கோயம்புத்தூருக்கு மாறியது. எனவே இருப்புப்பாதை வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் தாராபுரம் ஆட்சித் தலைமையிடமாக இருந்தது. திருப்பூரோ நொய்யற்றங்கரையில் ஒரு சிற்றூர். இவ்விரு ஊர்களின் நிலை பின்னர் தலைகீழானதற்கு இருப்புப்பாதை மட்டுமே காரணம் என்று கூற இயலாது. ஆனால் அதை விட்டுவிட்டு அம்மாற்றத்தை விளக்கவும் இயலாது.

ஐந்து விழுக்காடு

திருப்பூர் வழியாகச் செல்லும் பாதை திருப்பூருக்காக அமைக்கப்பட்டதன்று. சென்னையையும் மேற்குக் கடற்கரையில் கோழிக்கோட்டுக்கு அருகிலுள்ள பேப்பூரையும் இணைப்பதே மதராஸ் ரயில்வே கம்பெனியின் தென்மேற்குப் பாதையின் நோக்கம். பாலக்காட்டுக் கணவாய் அதற்கு இயற்கையான வாயில். ராயபுரம் முதல் வாலாஜா ரோடு வரையிலான முதற்பகுதி 1856 ஜூலை 1இல் திறக்கப்பட்டது. சேலத்தை 1861இல் எட்டிய பாதை, 1862இல் சங்ககிரியிலிருந்து ஈரோடு, திருப்பூர் வழியே போத்தனூரை அடைந்தது. இப்பாதை மாவட்டத் தலைநகரான கோயம்புத்தூரைக்கூடத் தொடவில்லை. இருகூரிலிருந்து நேராகப் போத்தனூருக்குச் சென்றது. 1873இல் போத்தனூர்–மேட்டுப்பாளையம் கிளைப்பாதை வந்த பிறகே கோயம்புத்தூர் நகருக்கு ரயில் கிடைத்தது. மாவட்டத்தின் தேவை அன்றைய கணக்கில் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அக்கணக்கின் அடிப்படை உத்தரவாத முறை. கம்பெனி திரட்டும் முதலுக்கு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வட்டியை அரசு உறுதி செய்தது. நிலத்தை இலவசமாகத் தந்தது. பாதை ஈட்டும் வருவாய் அந்த ஐந்து விழுக்காட்டுக்குக் குறைந்தால் மீதியை இந்திய வருவாயிலிருந்து அரசு செலுத்தியது. இந்திய நிதி உறுப்பினராக இருந்த மாசே, 1872இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளிக்கையில், உத்தரவாதம் இருக்கும்வரை முதலாளிக்குத் தன் பணம் ஆற்றில் கொட்டப்பட்டதா கட்டடமாயிற்றா என்பது பொருட்டன்று என்ற கருத்துப்பட உரைத்தது ஆய்வாளர்கள் நன்கறிந்தது.

இங்குக் கவனிக்க வேண்டியது வேறொன்று. உத்தரவாதமும் ஒருவகை அரசு மானியமே. அதைச் செலுத்தியவர்களில் கொங்கு நாட்டு உழவர்களும் அடங்குவர். ஏனெனில் இந்திய வருவாயின் பெரும்பகுதி நிலவரி. தாராபுரத்துப் புன்செய்க்காரர் செலுத்திய தீர்வை, லண்டனில் பங்கு வைத்திருந்தவரின் வட்டியாயிற்று. அவருக்கு எந்தப் பாதை வேண்டும் என்று கேட்பதற்கான இடம் அவ்வொப்பந்தத்தில் இல்லை. 1868இல் ஈரோட்டைத் திருச்சிராப்பள்ளியோடு இணைத்த கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயின் பாதையும் இதே உத்தரவாதத்தின் கீழ் வந்தது. காவிரிக் கரையோரம் கொடுமுடி, கரூர் வழியே சென்ற அப்பாதை காங்கேயத்தின் புன்செய் நிலத்தைக் கிழக்கே விலகிச் சென்றது.

1876–78 பெரும் பஞ்சம் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. 1880இன் பஞ்சக் குழு, வருவாய் தரும் பாதைகள் போக உணவு கொண்டுசேர்க்கும் பாதுகாப்புப் பாதைகளும் வேண்டும் என்று வலியுறுத்தியது. வருவாயை முதன்மையாகக் கொள்ளாத பாதைக்கு அரசே செலவிடலாம் என்ற கருத்து அப்போதுதான் இந்திய நிதிக் கொள்கைக்குள் நுழைந்தது. சேலம் மாவட்டத்தில் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி, மொரப்பூர்–தருமபுரி ஆகிய குறும்பாதைகள் 1905, 1906ஆம் ஆண்டுகளில் இவ்வகையில் வந்தன. கோயம்புத்தூர் மாவட்டத்தின் வறண்ட தென்கிழக்கு வட்டங்களுக்கு அத்தகைய பாதை எதுவும் வரவில்லை. வந்த பாதைகளும் நிலைக்கவில்லை: மொரப்பூர்–தருமபுரிப் பாதை போர்க்காலத்தில், 1941இல், பெயர்த்தெடுக்கப்பட்டது. வருவாய்க் கணக்கின்றிக் கட்டப்பட்டது நெருக்கடி வந்ததும் முதலில் கழிக்கப்பட்டது என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்வது பின்வரும் வாதத்துக்கு உதவும்.

ஜில்லா போர்டின் பாதை

ரிப்பன் பிரபுவின் 1882 தீர்மானத்தைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சி மன்றச் சட்டம் வந்தது. பள்ளி, மருத்துவமனை, சாலை ஆகியவற்றைக் கவனிக்க அமைந்த ஜில்லா போர்டுகள் இருப்புப்பாதையும் கட்டலாம் என்பது இந்தியாவின் பிற பகுதிகளில் அவ்வளவாகக் காணப்படாத, சென்னை மாகாணத்துக்கே சிறப்பாக உரிய வளர்ச்சி. வழிகாட்டியது தஞ்சாவூர். நிலத்தின் மதிப்பில் ரூபாய்க்கு மூன்று பை வீதம் தனிச் செஸ் விதித்துச் சேர்த்த தொகையைக் கொண்டு தஞ்சாவூர் ஜில்லா போர்டு மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதையை அமைத்தது. அது 1894இல் திறக்கப்பட்டது. பின்னர் அறந்தாங்கி வரை நீண்டது. ஒரு ரூபாய்க்கு 192 பை என்பதால் இச்செஸ் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. பெரும்பணம் அன்று, ஆனால் ஆண்டுதோறும் வந்தது, உள்ளூரிலேயே தங்கியது. போர்டு உடைமையாளர், தென்னிந்திய ரயில்வே கம்பெனி இயக்குநர் என்பது ஏற்பாடு. கிருஷ்ணா ஜில்லா போர்டின் பெஜவாடா–மசூலிப்பட்டினம் பாதை, 1923இல் திறக்கப்பட்ட திருநெல்வேலி–திருச்செந்தூர்ப் பாதை ஆகியன இதே மரபில் வந்தவை.

கோயம்புத்தூர் ஜில்லா போர்டின் பங்கு போத்தனூர்–பொள்ளாச்சிப் பாதை. ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் நீளமுள்ள இம்மீட்டர் கேஜ் பாதை 1915 அக்டோபரில் திறக்கப்பட்டது. உடைமை போர்டினுடையது; இயக்கியது தென்னிந்திய ரயில்வே. மதராஸ் ரயில்வேயின் ஒப்பந்தம் 1907 இறுதியில் முடிந்து, ஜோலார்பேட்டைக்கு மேற்கே மங்களூர் வரையிலான முதன்மைப் பாதை 1908 முதல் தென்னிந்திய ரயில்வேயின் பொறுப்பில் இருந்தமையால் இவ்வேற்பாடு எளிதாயிற்று.

இப்பாதையின் தொழில்நுட்பத் தேர்வு சற்று வியப்பானது. போத்தனூரில் அதைச் சந்தித்த முதன்மைப் பாதை அகலப்பாதை. நேராக இணைவதற்கு மீட்டர் கேஜ் பாதை இல்லாத இடத்தில் மீட்டர் கேஜ் அமைத்தால் ஒவ்வொரு மூட்டையையும் போத்தனூரில் இறக்கி மறுவண்டியில் ஏற்ற வேண்டும். 1928இல் திண்டுக்கல்–பொள்ளாச்சி மீட்டர் கேஜ் பாதை உடுமலைப்பேட்டை, பழனி வழியாகத் திறக்கப்படும்வரை பதின்மூன்று ஆண்டுகள் பொள்ளாச்சிப் பாதை தன் இனத்திலிருந்து பிரிந்து தனியே ஓடியது. மலிவான கட்டுமானம் என்ற காரணம் இதற்குக் காட்டப்படலாம். ஆனால் மேற்கு மாவட்டத்தை மதுரைப் பக்கத்து மீட்டர் கேஜ் வலையோடு இணைக்கும் நீண்டகால எதிர்பார்ப்பு இல்லாமல் இத்தேர்வு புரிந்துகொள்ளத்தக்கதன்று என்பது கட்டுரையாளரின் கருத்து.

போர்டு ஏன் பொள்ளாச்சியைத் தேர்ந்தது? ஆனைமலைத் தேயிலை, காப்பித் தோட்டங்கள், மலைக் காடுகளின் மரம், ஆழியாற்றுப் பாசன விளைபொருள் ஆகியன பொள்ளாச்சியில் சரக்காகக் காத்திருந்தன. தாராபுரத்தில் அமராவதிக் கரையோர நன்செய் தவிரப் பெரும்பகுதி புன்செய், மேய்ச்சல் நிலம். காங்கேயத்தில் முள்வேலி கட்டிய கொறங்காட்டுப் புல்வெளிகளும் புகழ்பெற்ற மாட்டினமும் இருந்தன. மாடு ரயிலில் போக வேண்டியதில்லை, சந்தைக்கு நடந்தே போகும். கம்பெனி கேட்கும் வருவாய்க் கேள்வியையே போர்டும் கேட்டது. ஜில்லா போர்டு என்ற அமைப்பில் தாராபுரத்துக்கும் இடமிருந்தது; போர்டு அமைத்த பாதையோ பொள்ளாச்சிக்குச் சென்றது.

ஆயினும் செஸ் முறையை உத்தரவாத முறையோடு ஒன்றாக வைக்க இயலாது. போர்டின் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாம், எதிர்க்கலாம், அடுத்த முறை நமக்கு என்று கேட்கலாம். பணம் தருபவரும் பாதை கேட்பவரும் ஒரே அவையில் அமர்ந்த காலம் கொங்கு இருப்புப்பாதை வரலாற்றில் இது ஒன்றே. நிலக்கிழார்களும் வழக்கறிஞர்களும் நிறைந்த அவை என்ற குறையை மறுப்பதற்கில்லை. அக்குறை அப்பாதைக்கு மட்டும் உரியதும் அன்று.

இதே காலத்தில்தான் திருப்பூர் பருத்திச் சந்தையாக எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி கொங்கு நாட்டின் கிணற்றுப் பாசன நிலங்களில் பரவியது. அரவை ஆலைகள் நிலையத்தை ஒட்டி எழுந்தன. சுற்று வட்டங்களிலிருந்து மாட்டு வண்டிகள் திருப்பூரை நோக்கி வந்தன. 1933ஆம் ஆண்டின் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தின் கீழ் மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936இல் திருப்பூரில் அமைந்தது தற்செயலன்று. தாராபுரத்திலும் காங்கேயத்திலும் விளைந்தது திருப்பூரின் சரக்காகப் பதிவாயிற்று. ஒரு வட்டாரத்தின் சரக்கு இன்னொரு நிலையத்தின் வருவாய்க் கணக்கில் சேர்வது பின்னாளில் அவ்வட்டாரத்துக்கு எதிரான சான்றாயிற்று: போக்குவரத்து அளவு போதாது என்ற விடை அதிலிருந்தே பிறக்கிறது.

1925: இழப்பை ஏற்பவர் யார்?

அக்வொர்த் குழுவின் பரிந்துரையை ஒட்டி 1924இல் இருப்புப்பாதை நிதி இந்திய அரசின் பொது நிதியிலிருந்து பிரிக்கப்பட்டது. ரயில்வே தன் முதலீட்டில் ஒரு விழுக்காட்டையும் உபரியில் ஐந்தில் ஒரு பங்கையும் பொது வருவாய்க்குச் செலுத்த வேண்டும் என்பது உடன்பாடு. 1949 உடன்பாட்டில் இது முதலீட்டின் மீது நான்கு விழுக்காடு என்ற நிலையான பங்காதாயமாக மாறியது. அதாவது 1924 முதல், ரயில்வே நிதிநிலை அறிக்கை பொது அறிக்கையுடன் மீண்டும் இணைக்கப்பட்ட 2017 வரை, அரசு ரயில்வேக்குத் தந்த முதல் மானியம் அன்று. பங்காதாயம் செலுத்த வேண்டிய முதலீடு. மானியம் என்ற சொல்லை இக்காலத்துக்குப் பொதுவாகப் பயன்படுத்துவோர் இவ்வேறுபாட்டைக் கருத வேண்டும். பங்காதாயம் செலுத்த வேண்டிய துறை, இழப்பு தரும் பாதையை விரும்பாது.

அடுத்த ஆண்டு, 1925இல், கிளைப்பாதைகள் குறித்த கொள்கை மாறியது. தனியார் கிளைப்பாதைக் கம்பெனிகளை இனி ஊக்குவிப்பதில்லை. ஆதாயம் தரும் பாதைகளை ரயில்வேயே கட்டும். ஆட்சி வசதிக்காகவோ வட்டார வளர்ச்சிக்காகவோ ஆதாயமற்ற பாதையை மாகாண அரசு கேட்டால் அதன் இழப்பை மாகாண அரசே ஏற்க வேண்டும். இன்று செலவுப் பகிர்வு என்ற பெயரில் பேசப்படுவதன் வேர் இங்கே உள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு. பெயர்கள் மாறியுள்ளன, முதலுக்குப் பதில் இழப்பு என்ற வேறுபாடும் உண்டு. ஆனால் கேள்வி ஒன்றே: ஆதாயமற்ற பாதையின் சுமை மைய அரசுக்கா, அதைக் கேட்கும் பகுதிக்கா?

இக்கேள்வியை அதே காலப் பிரித்தானியப் பேரரசின் இன்னொரு மூலையோடு ஒப்பிடுவது பயன்தரும். அயர்லாந்தில் 1883ஆம் ஆண்டுச் சட்டம், சிறு இருப்புப்பாதைகளின் வட்டிக்கு அவை செல்லும் வட்டாரங்களின் வரி செலுத்துவோரே உத்தரவாதம் தரும் முறையைக் கொண்டுவந்தது. உத்தரவாதம் தரவல்ல வட்டாரங்களில் பாதைகள் வந்தன. மேற்குக் கரையின் வறிய வட்டாரங்களால் அச்சுமையைத் தாங்க இயலவில்லை. அதனால் 1889இல் ஆர்தர் பால்ஃபர் கொண்டுவந்த சட்டம் அவ்வட்டாரங்களுக்குக் கருவூலத்திலிருந்து நேரடி மானியம் தர வழி செய்தது. கால்வே–கிளிஃப்டன், வெஸ்ட்போர்ட்–ஆக்கில் பாதைகள் அவ்வாறு 1895இல் அமைந்தன. உள்ளூர்ப் பங்களிப்பை நிபந்தனையாக்கினால் வறிய இடம் விலக்கப்படும் என்பதை லண்டன் ஆறே ஆண்டுகளில் ஒப்புக்கொண்டது. அதே லண்டனின் கீழிருந்த தில்லி 1925இல் எதிர்த்திசையில் நடந்தது. அயர்லாந்தின் மானியம் ஐரிஷ் தேசியக் கோரிக்கையைத் தணிக்கும் அரசியலோடு பிணைந்தது என்பது உண்மை. கிளிஃப்டன் பாதை 1935இலும் ஆக்கில் பாதை 1937இலும் மூடப்பட்டன என்பதும் உண்மை. மொரப்பூர்ப் பாதையின் கதியை இது நினைவூட்டும். மானியம் பாதையைக் கட்டித்தரும். அதன் அன்றாடச் செலவையும் ஏற்காவிட்டால் பாதை நிலைக்காது.

தமிழ்நாட்டில் ஜில்லா போர்டுகளின் முடிவு 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு வந்தது. அதற்கு முன்னரே இருப்புப்பாதை மைய அரசின் பொருளாகிவிட்டது: தென்னிந்திய ரயில்வே 1944இல் அரசுடைமையாகி, 1951 ஏப்ரல் 14இல் உருவான தென்னக ரயில்வேயில் கலந்தது. அரசமைப்புச் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் இருப்புப்பாதை இடம்பெற்றது. இவை யாவும் வரவேற்கத்தக்க மாற்றங்களே. ஆனால் ஒரு வட்டாரம் தன் பாதைக்குத் தானே வரி விதித்துக்கொள்ளும் வாயிலும் இவற்றோடு மூடப்பட்டது. அதன் இடத்தில் வேறு வாயில் திறக்கப்படவில்லை.

மாநிலம் என்னும் அலகு

ஈரோட்டிலிருந்து சென்னிமலை, காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் 91 கிலோமீட்டர்ப் புதிய பாதை 2008–09 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் சேர்க்கப்பட்டது. மேற்சொன்ன வளையத்தின் நடுவே வடக்கு தெற்காகச் செல்லும் பாதை அது. அறிவிப்புக்குப் பின் நிகழ்ந்தது மிகச் சுருக்கமானது. ஆண்டுதோறும் ரயில்வேயின் பணித்திட்ட ஏடான பிங்க் புத்தகத்தில் அப்பாதையின் பெயர் வந்தது. பல ஆண்டுகள் அதன் எதிரே இருந்த தொகை 1000 ரூபாய். பெயரை ஏட்டிலிருந்து நீக்காமல் வைத்திருப்பதற்கான அடையாளத் தொகை அது. திண்டிவனம்–திருவண்ணாமலை, திண்டிவனம்–நகரி, அத்திப்பட்டு–புத்தூர், மதுரை–தூத்துக்குடி எனத் தமிழ்நாட்டின் வேறு சில பாதைகளும் இவ்வரிசையில் இருந்தன.

ரயில்வே தரப்பின் விளக்கம் இரு பகுதி. ஒன்று, எதிர்பார்க்கும் ஆதாய விகிதம் குறைவு. புதிய பாதைக்கு நீண்ட காலம் அளவுகோலாக இருந்தது 14 விழுக்காடு. பொள்ளாச்சியைத் தேர்ந்த பழைய போர்டுகூட இவ்வளவு கேட்டிருக்காது. இரண்டு, ஆதாயம் குறைந்த பாதைகளுக்கு மாநில அரசு செலவில் ஒரு பங்கையும் நிலத்தையும் தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. கர்நாடகம் பல பாதைகளுக்குப் பாதிச் செலவை ஏற்றது. இருப்புப்பாதை ஒன்றிய அரசின் பொருள். முழுச் செலவும் அதனுடையதே என்பது தமிழ்நாட்டின் தொடர்ந்த நிலைப்பாடு. கொள்கையளவில் இந்நிலைப்பாடு வலுவானது. நடைமுறையில் மாநில அரசு இருப்புப்பாதைக்குப் பணம் தந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னைப் பறக்கும் ரயிலின் இரண்டாம் கட்டத்தில், திருமயிலை முதல் வேளச்சேரி வரை, மூன்றில் இரு பங்கை மாநிலமே ஏற்றது. தலைநகருக்குக் கொள்கை தளர்ந்தது, தாராபுரத்துக்குத் தளரவில்லை. இதைச் சுட்டுவது மைய அரசின் பொறுப்பைக் குறைப்பதற்கன்று.

அண்டை அனுபவம் ஒன்று இங்கே ஒப்பிடத்தக்கது. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் பாதை 1996–97இல் அனுமதிக்கப்பட்டு 2013இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. பதினேழு ஆண்டுகள். ஆமை வேகம்தான், ஆனால் முடிந்தது. ஏறத்தாழ அதே நீளம், அதே கொங்குச் சமவெளி. பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் அனுமதி பெற்ற இரு பாதைகளில் ஒன்று ஓடுகிறது, மற்றொன்று ஏட்டில் இருக்கிறது. நிலமும் பொறியியலும் இவ்வேறுபாட்டை விளக்கமாட்டா.

மைய அரசு ஆதாயம் பாராமல் செலவிடுவதே இல்லை என்று சொல்வதும் பிழை. உதம்பூர்–ஸ்ரீநகர்–பாரமுல்லா பாதை 2002இல் தேசியத் திட்டமாக அறிவிக்கப்பட்டது. 272 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 2025 ஜூனில் நிறைவுற்றது. மிசோரத்தின் தலைநகர் அய்சாலுக்கு அருகே செல்லும் பைரபி–சாய்ராங் பாதை 51 கிலோமீட்டர். செலவு 8000 கோடி ரூபாய்க்கும் மேல். 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இருப்புப்பாதை குறைந்த மாநிலங்களுக்கு இவ்வாறு பொது நிதி சென்றது நியாயமே. மிசோரத்தின் மலைகளையும் தாராபுரத்தின் சமவெளியையும் ஒரு தட்டில் வைத்து முறையிடும் போக்கு உள்ளூர் மேடைகளில் உண்டு; கட்டுரையாளர் அதை ஏற்கவில்லை.

இங்கு எழுப்ப வேண்டிய கேள்வி அலகு பற்றியது. பின்தங்கிய நிலையை அளக்கும் அலகு மாநிலமாக இருக்கும்போது, வளர்ந்த மாநிலத்துக்குள் இருக்கும் இருப்புப்பாதையற்ற வட்டம் கணக்கில் காணாமற் போகிறது. தமிழ்நாடு இருப்புப்பாதை குறைந்த மாநிலம் அன்று. தொழில் வளர்ந்த மாநிலம். மாவட்டத்தை அலகாகக் கொண்டாலும் விடை மாறாது. 2009இல் கோயம்புத்தூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பிரித்துத் திருப்பூர் மாவட்டம் உருவானபோது, அதுவரை ஈரோடு மாவட்டத்தில் இருந்த காங்கேயமும் தாராபுரமும் இதில் சேர்ந்தன. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் அனுப்பும் நகரத்தின் பெயரைத் தாங்கிய மாவட்டம் எந்தப் பட்டியலிலும் பின்தங்கியதாகத் தோன்றாது. முன்பு சரக்கு திருப்பூர்க் கணக்கில் சேர்ந்தது போல், இப்போது வட்டாரமே திருப்பூர்ச் சராசரியில் சேர்ந்துவிட்டது. பிரான்சில் 1879இன் ஃப்ரேசினே திட்டம் மாகாணங்களை அன்றி உட்கோட்டத் தலையூர்களை இலக்காகக் கொண்டதை இங்கே நினைக்கலாம். அலகைச் சிறிதாக்கினால் பட்டியல் மாறும் என்பது கற்பனை அன்று, நடந்த ஒன்று.

பின்னலாடை நகரமும் பாதையற்ற அண்டையும்

திருப்பூர்த் தொழில் தன் உள்கட்டமைப்புக்கு அரசு மானியத்தை மட்டும் எதிர்பார்த்திருந்ததில்லை. சாயத் தொழிலுக்கும் நகருக்கும் பவானி ஆற்றுநீரைக் கொண்டுவரும் திட்டத்துக்காக 1995இல் தமிழ்நாடு அரசும், ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனமும், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் சேர்ந்து நிறுவனம் ஒன்றை அமைத்தன. ஆயிரம் கோடி ரூபாய் அளவிலான அத்திட்டம் 2006இல் செயல்பாட்டுக்கு வந்தது. தண்ணீருக்கு விலை வைக்கலாம், தொழிற்சாலை செலுத்தும். தாராபுரத்துக்குச் செல்லும் பாதைக்கு அவ்வாறு யார் விலை தருவர்? ஏற்றுமதியாளருக்கு லாரி இருக்கிறது. தொழிலாளரை அழைத்துவர நிறுவன வேன் இருக்கிறது. பாதையின்மையின் செலவு பயண நேரமாகவும் பேருந்துக் கட்டணமாகவும் தொழிலாளர் வீடுகளில் சிதறிக் கிடக்கிறது. ஒருவர் கணக்கிலும் அது ஒரே தொகையாகத் திரள்வதில்லை. திரளாத செலவுக்கு அரசியல் குரல் எழுவது கடினம்.

இதன் மறுபக்கம் திருப்பூர் நிலையத்தில் தெரிகிறது. தன்பாத்–ஆலப்புழை விரைவு வண்டி இந்நிலையத்தில் நிற்கிறது. ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா மாநிலங்களிலிருந்து பனியன் தொழிலுக்கு வருவோர் நீண்ட தூரம் பயணம் செய்து நேராக இங்கே இறங்குகின்றனர். மூலனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அதே தொழிலுக்கு வருபவருக்கு ரயில் இல்லை. 1850களில் இரு கடற்கரைகளை இணைக்க வகுத்த பாதை நெடுந்தூரத்தை அருகாக்கியது. அண்டையை அருகாக்கும் பாதைக்கான நிதி முறை 1915க்குப் பின் உருவாகவில்லை.

ஜில்லா போர்டு கட்டிய போத்தனூர்–பொள்ளாச்சிப் பாதை அகலப்பாதை மாற்றத்துக்காக 2009இல் மூடப்பட்டு 2017இல் மீண்டும் திறக்கப்பட்டது. திண்டுக்கல், பழனி, உடுமலைப்பேட்டை வழியே பொள்ளாச்சி வரையிலான பகுதியும் அதற்கு முன்னரே அகலப்பாதையாகிவிட்டது. நூறாண்டுக்கு முன் போடப்பட்ட பாதையைப் புதுப்பிக்க நிதி கிடைத்தது. போடப்படாத பாதைக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்தது. திருப்பூரில் தைத்து மடித்த சட்டைகள் ஏறிய கண்டெய்னர் லாரிகள் தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் செல்கின்றன. பழனியிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ ரயிலேற வேண்டிய தாராபுரத்துப் பயணியும் அதே சாலையோரத்தில் பேருந்துக்கு நிற்கிறார்.